ஆணையர் சேர்த்துவிட்ட மாணவன்

வடகரை வட்டாரக் கல்லூரி கிளப் ஐஸ் ஹாக்கி லீக்கின் வரலாற்றைப் பின்னாளில் எழுதப்போகிறவர்கள் (அப்படி யாராவது வேறு வேலையில்லாமல் இருந்தால்) பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று, மார்ச் மாதத்துத் திங்கட்கிழமை காலையில், காப்பர் பே ஐஸ் அரங்கத்தின் வாசற்கதவில், 'தொலைந்த கையுறைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற அறிவிப்புக்குச் சற்றுக் கீழே ஒட்டப்பட்டது.

"விதி எண் ஒன்று: ஐஸின் மேல் நிற்பவர் மாணவராக இருக்க வேண்டும். அதுவும் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். காப்பர் பே கல்லூரியின் கோல்கீப்பர் ட்ரெண்ட் மக்கினன், வேதியியல் வகுப்பை நடுவில் கைவிட்டு அரைநேர மாணவராகச் சரிந்துவிட்டபடியால், சனிக்கிழமை இறுதிப்போட்டியில் ஆடும் தகுதியை இழக்கிறார். விளையாட்டின் தூய்மைக்கு முன்னால் கண்ணீர் செல்லாது. இப்படிக்கு, லைல் பக்காலா, ஆணையர்."

லைல் பக்காலா வாரத்தில் ஆறு நாள் பனி அள்ளும் இயந்திரங்கள் விற்பவர். மிச்ச நேரமெல்லாம் ஆணையர். அந்தப் பதவிக்குச் சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது, போட்டியிட்டவரும் கிடையாது. ஒரு ஜாக்கெட் உண்டு. அதன் முதுகில் 'ஆணையர்' என்று தங்கநிற நூலில் அவரே சொந்தச் செலவில் தைத்துக்கொண்டிருந்தார். அதைப் போட்டுக்கொண்டு அவர் யாருக்காவது முதுகைக் காட்டினால் கோபம் என்று அர்த்தமில்லை, படிக்கச் சொல்கிறார் என்று அர்த்தம்.

தன் தீர்ப்பை இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று ரசித்துக்கொண்டிருந்தபோது காப்பர் பே அணியின் கேப்டன் ப்ரைஸ் வந்தான்.

"படிச்சேன் சார். ரொம்பக் கம்பீரமா இருக்கு. அப்ப சனிக்கிழமை கோல்ல யாரு நிப்பா?"

"உங்க ரெண்டாவது கோல்கீப்பர்."

"அவன் ஜனவரியிலயே ஐஸ்ல கல்லைத் தள்ளி விளையாடுற கர்லிங் கிளப்புக்குப் போயிட்டான் சார். அங்க யாரும் மூஞ்சியக் குறிபாத்து அடிக்கிறதில்லையாம்."

"மூணாவது ஆள்?"

"மூணாவது கோல்கீப்பர் வச்சிருக்கிற கிளப் டீமை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

லைல் தொண்டையைச் செருமினார். "சரி. ஆள் இல்லேன்னா?"

"இல்லேன்னா நாங்க வரலை. கப்பை செயின்ட் ப்ரெண்டன் காலேஜ் பசங்ககிட்டயே குடுத்து அனுப்பிருங்க. நானும் சனிக்கிழமை தூங்கிக்கலாம்."

தேசியச் சங்கத்திலிருந்து சென்ற மாதம்தான் கறாராகச் சொல்லியிருந்தார்கள். லீக்கில் குறைந்தது நான்கு கல்லூரிகள் இருக்க வேண்டும்; இருந்ததும் சரியாக நான்குதான். இறுதிப்போட்டி முறையாக நடந்து முடிய வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வடகரை லீக்கை எடுத்துத் தெற்கு லீக்கோடு சேர்த்துவிடுவார்கள். தெற்கு லீக்கில் ஏற்கெனவே ஓர் ஆணையர் இருந்தார். ஜாக்கெட்டும் வைத்திருந்தார்.

"தீர்ப்பை வாபஸ் வாங்கிருங்களேன் சார்," என்றான் ப்ரைஸ்.

"முடியாது. ரேடியோல சொல்லிட்டேன்."

அது உண்மை. ஏரியில் ஐஸ் எத்தனை அங்குலம் உறைந்திருக்கிறது என்ற அறிவிப்புக்கும் மீன்தூண்டில் விளம்பரத்துக்கும் நடுவே, அவரே நிலையத்துக்குப் போன் போட்டு, தானே தன்னைப் பேட்டி எடுத்துக்கொண்டது போல ஒன்றைச் செய்திருந்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் லைல் ஒரு வழி கண்டுபிடித்தார். கல்லூரியின் கால்பந்து கோல்கீப்பரைக் கூட்டிவந்து பாதுகாப்பு உறைகளையெல்லாம் மாட்டி ஐஸில் இறக்கினார். பந்து பிடிப்பதில் மகா கெட்டிக்காரன். பனியே பார்க்காத ஃப்ளோரிடாக்காரன் என்பதை மட்டும் யாரும் கேட்டுவைக்கவில்லை. இரண்டு கால்களும் இரண்டு வெவ்வேறு ஊர்களுக்குக் கிளம்பிவிட, பையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனான். இப்போது கால்பந்துப் பயிற்சியாளரும் லைலைத் தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டில் வெர்னா தட்டில் கறி அடைத்துச் சுட்ட பேஸ்டியை வைத்து, மாவு ஓட்டைக் கத்தியால் குத்தி ஆவி பறக்கவிட்டாள். லைலின் மனைவி. காப்பர் பே கல்லூரியில் மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் வேலை.

"என்ன கமிஷனரே, உங்க லீக்கு இன்னும் உயிரோட இருக்கா?"

"கிண்டல் பண்ணாத வெர்னா. இந்த மாவட்டத்துல ஐஸ்ல நிக்கத் தெரிஞ்ச கோல்கீப்பர் ஒருத்தன்கூட இல்லையா?"

"என் தம்பி இருக்கான்ல."

"ஆர்வோவா? அவனுக்கு நாப்பத்தி மூணு வயசு. செப்டிக் டேங்க் லாரி ஓட்டுறான்."

"ஞாயித்துக்கிழமை பீர் குடிக்கிறவங்க டீம்ல அவன்தான கோல்ல நிக்கிறான். உங்க விதியில வயசு போட்டிருக்கா?"

லைல் யோசித்தார். போடவில்லை. தூய்மையைப் பற்றி எழுதும் வேகத்தில் வயது விட்டுப்போயிருந்தது.

"ஆனா மாணவனா இருக்கணுமே. முழுநேரம்."

"சேத்துவிட்டாப் போச்சு. பாதிப் பருவத்துல ஆரம்பிக்கிற கிளாஸ் இந்த வாரம்தான் தொடங்குது. எங்க காலேஜ்ல மூச்சு விட்டா சேத்துக்குவாங்க, லைல். போன வருஷம் சேந்தவங்களவிட ரிட்டயர் ஆனவங்க ஜாஸ்தி. சின்னக் காலேஜ் எல்லாத்துக்கும் இதே கதிதான்."

"எல்லாத்துக்கும்னு சொல்லாத," என்றார் லைல். "செயின்ட் ப்ரெண்டனைப் பாரு. மத்த காலேஜ் டீன் எல்லாம் வாரம் தவறாம எனக்குப் போன் பண்ணி அழறாங்க. பஸ் இல்ல, டாக்டர் இல்லன்னு. செயின்ட் ப்ரெண்டன்லருந்து ஒரு போன் வந்திருக்கா? மூச்! அதுக்குப் பேருதான் நிர்வாகம்."

விதியை இயற்றியவரே விதிக்குள் ஆள் கடத்துவது தூய்மைக்குக் களங்கமாகாதா என்ற கேள்வி லைலுக்கு எழத்தான் செய்தது. பேஸ்டியின் இரண்டாவது பாதியோடு அதை விழுங்கிவிட்டார். சேர்க்கைக்கான பணத்தையும், மீன்பிடிப் படகுக்கென்று வைத்திருந்ததிலிருந்து அவரே கட்டினார்.

ஆர்வோவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் லாரியின் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அந்த லாரியின் பக்கவாட்டில் அவன் முகமே ஆளுயரத்துக்கு வரையப்பட்டு, கீழே 'ஆர்வோ: உங்கள் கழிவு, எங்கள் கனவு' என்று எழுதியிருந்தது.

"காலேஜா? நானா மச்சான்?"

"பேருக்குத்தான். சனிக்கிழமை வரைக்கும். நீ கிளாஸ் பக்கமே போக வேண்டாம்."

ஆர்வோ குழாயைக் கீழே போட்டான். "பை வாங்கணுமே," என்றான். "முதுகுல மாட்டுற பை."

இங்கேதான் லைல் உஷாராகியிருக்க வேண்டும்.

முழுநேர மாணவனாக நான்கு பாடங்கள் தேவை. இடம் காலியாக இருந்த நான்கு: மண்பாண்டம், பறவைகளைக் கவனித்தல், ஒழுக்கவியல் அறிமுகம், மேடைப் பேச்சு. வெர்னா நான்கிலும் தம்பியைப் போட்டுவிட்டாள். புதன்கிழமை காலையில் ஆர்வோ லாரியை வீட்டிலேயே விட்டுவிட்டு, புதுப் பையோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தான். மற்ற மாணவர்கள் அவனைப் பேராசிரியர் என்று நினைத்து ஐந்து நிமிடம் அமைதியாக இருந்தார்கள். அந்தக் கல்லூரியில் அது ஒரு சாதனை.

அன்று மதியமே லைலுக்குப் போன் வந்தது.

"மச்சான், ஒரு சந்தேகம். நாம செய்யுற காரியத்தை உலகத்துல எல்லாரும் செஞ்சா என்ன ஆகும்?"

"எந்தக் காரியம்?"

"இப்ப என்னை மாதிரி, மேட்ச்சுக்காக மட்டும் ஆளைச் சேக்கிறது. எல்லாரும் செஞ்சா?"

"எல்லாரும் செய்யமாட்டாங்க, ஆர்வோ. அவ்வளவு ஐஸ் கெடையாது. சாயங்காலம் பிராக்டிசுக்கு வந்து சேரு."

"இன்னைக்கு முடியாது. நாங்க நாலு பேரு சேந்து படிக்கிறோம். பசங்க எனக்காகக் காத்துட்டு இருக்காங்க."

வியாழக்கிழமையும் வரவில்லை, காட்டில் மரங்கொத்தி பார்க்கப் போயிருந்தான். ஊரில் நான்கு வீடுகளில் செப்டிக் டேங்க் நிரம்பி, அவர்கள் லைலின் கடைக்கு வந்து சத்தம் போட்டார்கள். "உன் மச்சினனைப் படிக்க வச்சது யாருய்யா?" என்று ஒரு பெரியவர் கேட்டபோது, லைல் கல்வியின் அருமையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆர்வோ நேரிலேயே வந்தான். கையில் மண்கிண்ணம் ஒன்று. வெர்னாவுக்காகச் செய்ததாம். தண்ணீர் ஊற்றினால் ஒரு பக்கமாக யோசிப்பது போலச் சாய்ந்தது. ஆனால் அவன் முகத்தில் இருந்த தெளிவு லைலைக் கலக்கியது. டேங்க்கில் எங்கே அடைப்பு என்று கண்டுபிடித்துவிட்டவனின் தெளிவு.

"முடிவு பண்ணிட்டேன் மச்சான். நாளைக்கு மேட்ச்சுக்கு முன்னாடி செயின்ட் ப்ரெண்டன் பசங்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லப் போறேன். நான் இந்த மேட்ச்சுக்காகச் சேந்தவன், ஆணையரோட மச்சினன்னு."

"டேய்! சொன்னா புகார் குடுப்பாங்கடா! உன்னை எறக்கக் கூடாதும்பாங்க. கோல்கீப்பர் இல்ல, மேட்ச் இல்ல, லீக்கே இல்ல! என் ஜாக்கெட்டை நான் என்ன பண்றது?"

"பின்னாடி தச்சிருக்கிறதைப் பிரிச்சுட்டா நல்ல ஜாக்கெட்தான்."

"ஆர்வோ, உன் காலப் பிடிச்சுக் கேக்கிறேன்."

"பொய்ங்கிறது எதிராளியை மனுஷனா மதிக்காம, கருவியா ஆக்குறதாம் மச்சான். பேராசிரியை சொன்னப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு."

நான்கு பாடங்களில் இரண்டு இப்போது லைலுக்கு எதிராகக் கூட்டணி வைத்திருந்தன. என்ன சொல்ல வேண்டும் என்று ஒன்று கற்றுத்தந்திருந்தது. எவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று மற்றொன்று. படகுப் பணத்தைக் கட்டித் தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொண்டதாக உணர்ந்தார் லைல்.

அப்போதுதான் அவருக்கு மரபு ஞாபகம் வந்தது. இந்த ஊரில் தேவாலயத்தில்கூடப் பேசுவார்கள். ஆனால் மேட்ச் அன்று கோல்கீப்பரிடம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள், அவரும் திறக்கக் கூடாது. பேசினால் கோல் விழும்.

"ஆர்வோ, நீ கோல்கீப்பர். நாளைக்கு மேட்ச் நாள். கோல்கீப்பர் பேசலாமா?"

ஒழுக்கவியலுக்கும் ஹாக்கிக்கும் நடுவில் ஆர்வோவின் மனசு கிடந்து தவித்ததைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. கடைசியில் ஹாக்கி ஜெயித்தது.

"பேசக் கூடாதுதான்," என்றான். "ஆனா அது ஆட்டம் முடியுற வரைக்கும்தான் மச்சான். முடிஞ்சதும் எல்லாரும் வரிசையா நின்னு கை குடுப்போம்ல. அப்ப ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிருவேன்."

சனிக்கிழமை நண்பகலில் இறுதிப்போட்டி. நல்ல நேரத்தையெல்லாம் சிறுமிகளின் ஐஸ் நடன ஒத்திகைக்குக் கொடுத்துவிட்டு, அதற்கும் ஒரு பிறந்தநாள் விழாவுக்கும் இடைப்பட்ட சந்தில் வடகரை லீக்கின் மகுடம் செருகப்பட்டிருந்தது. லைல் ஜாக்கெட்டோடு வாசலில் நின்று வரவேற்றார்.

செயின்ட் ப்ரெண்டன் வீரர்கள் வந்திறங்கினார்கள். இறுதிச்சுற்று முடியும்வரை சவரம் செய்யக் கூடாது என்பதால் இரண்டு அணிகளிலும் தாடிதான். காப்பர் பே பையன்களுக்குக் கன்னத்தில் பாசி படர்ந்தது போல ஏதோ இருந்தது. செயின்ட் ப்ரெண்டன் தாடிகள் வேறு ரகம், மார்புவரை இறங்கியிருந்தன. சிலவற்றில் நரைகூட. 'என்ன படிப்பு படிக்கிறாங்க பாருங்க,' என்று லைல் மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஆர்வோ வந்து சேர்ந்தான். லாரியில். உறைகளும் முகமூடியும் வேறு எந்த வண்டிக்குள்ளும் அடங்காதாம். அவனுடைய ஆளுயர முகம் சிரித்தபடி வாசலுக்கு நேராக வந்து நின்றது.

செயின்ட் ப்ரெண்டனின் தடுப்பாட்டக்காரர் ஒருவர் கையை ஆட்டினார். "அட, ஆர்வோ! போன மாசம் எங்க வீட்டு டேங்க்கைச் சுத்தம் பண்ணீங்களே, இப்ப சூப்பரா ஓடுது!"

ஆர்வோ வாயைத் திறக்கப் போனவன், மரபு ஞாபகம் வந்து இறுக மூடிக்கொண்டான். லைல் குறுக்கே பாய்ந்தார்.

"அது இவரில்லீங்க. இவரோட அண்ணன். அச்சு அசல் ஒரே மாதிரி இருப்பாங்க."

"லாரில ஆர்வோன்னு போட்டிருக்கே?"

"ரெண்டு பேருக்குமே அதான் பேரு. அவங்க அப்பாவுக்குக் கற்பனை கம்மி. இவரு படிக்கிற பையன். பறவையெல்லாம் பாப்பாரு. இன்னைக்குப் பேசமாட்டாரு, கோல்கீப்பர் பாருங்க."

"ஓ, பேசக் கூடாது, பேசக் கூடாது," என்று அந்த மனிதர் பயபக்தியோடு விலகி வழிவிட்டார். கண்டுபிடித்துவிட்டார்களோ என்ற பயத்தில் லைலுக்கு அதற்கு மேல் எதையும் யோசிக்கத் தோன்றவில்லை.

ஆட்டம் தொடங்கியது. ஆர்வோ அற்புதமாக ஆடினான். நாற்பத்து மூன்று வயது, பெரிய வயிறு, அதற்கு மேல் உறைகள். வலையில் காலி இடமே இல்லை. ரப்பர் வட்டு எங்கிருந்து வந்தாலும் அவன் உடம்பில் ஏதோ ஒரு பகுதியில் பட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. காப்பர் பே இரண்டு கோல் அடித்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் லைல் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி கைதட்டினார்.

மூன்றாவது பகுதியில் எதிரணியின் மெதுவான அடி ஒன்று, பூனைக்குட்டி போல நகர்ந்து வந்தது. ஆர்வோ அதை உற்றுப் பார்த்தான். நகரவில்லை. அது அவன் காலடியைத் தாண்டி வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

லைல் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். ஆர்வோ திரும்பி, முகமூடிக்குள்ளிருந்து அவரை அமைதியாகப் பார்த்தான். அந்தப் பார்வையின் பொருள் லைலுக்கு நன்றாகவே புரிந்தது: நியாயத்துக்கு ஒன்று.

நியாயம் அதோடு திருப்தியடைந்தது. இரண்டுக்கு ஒன்று. சங்கு ஊதியது. காப்பர் பே பையன்கள் கையுறைகளைக் காற்றில் வீசி ஆர்வோவின் மேல் விழுந்து புரண்டார்கள். இறுதிப்போட்டி முறையாக நடந்து முடிந்துவிட்டது. லீக் பிழைத்தது. இன்னும் ஒரே ஒரு கைகுலுக்கல் மட்டும் பாக்கி.

இரண்டு அணிகளும் ஐஸின் நடுவே வரிசை கட்டின. ஆர்வோ முகமூடியைக் கழற்றினான்.

"ஆர்வோ, வேண்டாம்டா!" என்று கத்திக்கொண்டே லைல் தடுப்புக் கதவைத் திறந்து உள்ளே ஓடினார். காலில் தோல் ஷூ. மூன்றாவது எட்டில் ஓட்டம் முடிந்து பயணம் ஆரம்பித்தது. மல்லாக்க விழுந்து, தங்கநிற எழுத்துகளால் ஐஸைத் துடைத்துக்கொண்டே, இரண்டு வரிசைகளுக்கும் நடுவே கம்பீரமாக வழுக்கிச் சென்று, செயின்ட் ப்ரெண்டன் கேப்டன் டூலனின் காலடியில் போய் நின்றார் ஆணையர்.

அவருக்கு மேலே ஆர்வோவின் குரல் ஒலித்தது. வயிற்றிலிருந்து எடுத்து, கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த குரல்.

"நண்பர்களே! நான் உங்களை ஏமாத்திட்டேன். நான் நிஜ மாணவன் இல்ல. செவ்வாய்க்கிழமை வரைக்கும் செப்டிக் டேங்க் லாரி ஓட்டினேன். இந்த மேட்ச்சுக்காக எங்க மச்சான் என்னைச் சேத்துவிட்டாரு. கீழ கெடக்கிறாரே, இவருதான்."

பிறந்தநாள் விழாவுக்கு வந்திருந்த குழந்தைகள்கூட பலூன்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

லைல் முட்டி போட்டு எழுந்தார். இனி மறைக்க எதுவும் இல்லை. "தப்பு என்னோடதுதான் டூலன்," என்றார். குரலில் இப்போது தங்கநூல் இல்லை. "ட்ரெண்டை வெளிய அனுப்பினதும் நான், இவனை உள்ள விட்டதும் நான். உங்க பசங்க ஒழுங்கா விதிப்படி ஆடினாங்க. நீங்க புகார் குடுத்தா கப்பு உங்களுக்கு. லீக் போயிரும். எனக்குப் பேச வாயில்ல. ஆனா குடுக்காம இருந்தீங்கன்னா..."

டூலன் அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார். ஜாக்கெட்டில் ஒட்டியிருந்த பனித்தூளைத் தட்டிவிட்டார்.

"அட, இதுக்குப் போயா சார் விழுந்து வாரிட்டு வந்தீங்க? நல்ல மேட்ச். புகாரெல்லாம் குடுக்கமாட்டோம்."

"நீங்க குடுக்கலேன்னாலும் உங்க காலேஜ் குடுக்குமே. உங்க டீன் சும்மா விடுவாரா?"

டூலன் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். தாடிகள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பின்வரிசையில் ஒருவர் இருமினார்.

"சாருக்கு யாருமே சொல்லலையாடா?" என்றார் டூலன். பிறகு லைலின் தோளில் கையை வைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"எங்க காலேஜை மூடி மூணு வருஷம் ஆச்சு சார்."